முப்பத்தைந்தாவது வாரம்

நர்ஸ் சிவந்தி தன் உதட்டோரங்களில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து மெல்ல இழுத்துக் காட்டினாள்.

"கொயந்த வர்ற வாயிலயும் இந்த மாரிதான். கீழாண்ட அமுக்கி, அப்பால ரெண்டு ஓரமும். எரிஞ்சா அங்கியே நிறுத்தி மூச்சு வுடு. நகம் வெட்டிக்க, கைய சோப்பு போட்டுக் கழுவிக்க. தேங்காண்ண போதும். அஞ்சு நிமிசம், வாரத்துக்கு மூணு நாளு. கிழியவே கிழியாதுன்னு நான் சொல்லமாட்டேன். போன தபா மாரி கிழியறது கொறையும்."

டாக்டரும் பரிசோதித்துவிட்டுச் செய்யலாம் என்றிருந்தார். இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்த ரேச்சல் தலையாட்டினாள். 'போன தபா' என்ற சொல் மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

மூத்தவள் ஜானட் பிறந்து ஏழு வருடம். அதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலமென்றால் ராயபுரம் கோயிலின் மரப்படியேறி, பாடகர் மாடத்தில் அவளும் சாலமனும் மற்றவர்களோடு பாட்டுப் பழகுவார்கள். சாலமன் கீபோர்டு. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் போதும், நடுப்பாட்டில் நிறுத்தி அந்தச் சுருதியைத் தேடிப் பிடிப்பான். அதிலிருந்தே ரேச்சல் பாட்டை எடுப்பாள், இருவரும் சிரிப்பார்கள். பங்குச் சாமியார் கீழேயிருந்து கை தட்டுவார். கல்யாணம்கூட அந்தச் சிரிப்பில் முடிவானதுதான். பிரசவத்தில் கிழிந்து, தையல் ஆறி, மறுபடி மாடமேறிய முதல் ஞாயிறு, உச்ச சுரத்துக்கு மூச்சிழுத்தபோது அடக்க முடியாமல் தொடை வழியே சிறுநீர் இறங்கியது. தொண்டை வலி என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அந்தத் தொண்டை வலி ஏழு வருடம் நீடித்தது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த சாலமன் கீபோர்டை மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்து கிரேன் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டான்.

மூன்று நாள் தானே முயன்றாள். வயிறு குறுக்கே நின்றது, கை எட்டவில்லை. நாலாம் நாள் ஜானட் மறைக்கல்வி வகுப்புக்குப் போனதும், சாலமனிடம் சுவரைப் பார்த்தபடி நர்ஸ் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"எனுக்கு எட்டல. நீதான் செய்யணும்."

அவன் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தான். "அப்போ அவ்ளோ கிழிஞ்சுதா?"

"உனுக்குத் தெரியாதா?"

"தையலு போட்டாங்கன்னு தெரியும். நீ கிட்ட வுடல. நான் இன்னாவோ தப்பு பண்ட்டேன்னு நென்ச்சிகினு இருந்தேன்."

மாடத்தில் நடந்ததையும் அப்போதுதான் சொன்னாள். சாலமன் அவளையே பார்த்தான்.

"அதுக்கா தொண்ட வலின்ன?"

"வேற இன்னா சொல்றது, அத்தினி பேரு முன்னால?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாக மாறியபோது அவன் தலையணையை எடுத்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தான். பிறகு வெளியே போய் நகம் வெட்டிக்கொண்டு வந்தான்.

முப்பது டன் கண்டெய்னரை வரைந்த கோட்டில் அலுங்காமல் இறக்கிவைக்கிற கை அன்று அவளைக் கேட்டுக் கேட்டு நகர்ந்தது. "எரியுதா?" "ம். நிறுத்து... வுடாத, அப்டியே வெய்யி." மூச்சை நீளமாய் விட்டாள். "இப்ப அழுத்து." இரண்டாம் வாரத்தில் அந்தக் கேள்விகள் போய், பழைய பேச்சு வந்தது. யார் யார் மாடத்தில் பாடினார்கள், யார் இப்போது துபாயில் இருக்கிறார்கள், லூர்துவின் தபேலா என்ன ஆனது. அந்த ஐந்து நிமிடம் எப்போதும் அரைமணி நேரமாகிப்போனது.

முப்பத்தொன்பதாவது வாரத்தில், பகல் பதினொரு மணிக்குப் பையன் பிறந்தான். கிழியாமல் இல்லை. சின்னதாய் ஒன்று, இரண்டே தையல். எண்ணெயாலா, இரண்டாவது பிரசவம் என்பதாலா, யார் கண்டது. சிவந்தியிடம் கேட்டதற்கு, "எதுவா இருந்தா இன்னா, நல்லா கீற இல்ல?" என்றாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தையல் உறுத்தாமலிருக்க சாலமன் துண்டை நாலாய் மடித்து சீட்டில் போட்டான். ரேச்சல் அதை எடுத்துப் பிள்ளையின் தலைக்கடியில் வைத்துக்கொண்டு, வெறும் சீட்டில் உட்கார்ந்தாள். கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட ரோட்டில் ஆட்டோ பள்ளத்துக்குப் பள்ளம் ஏறி இறங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் சாலமன் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் வெளியே தலையை நீட்டி, முன்னால் நின்ற லாரிக்காரனை வழிவிடச் சொல்லி, மாடத்தில் பாடிய அந்த உச்சக் குரலில் கத்திக்கொண்டிருந்தாள்.