ஐந்தாவது விடை

ஞாயிறுதோறும் மாரிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி இராஜபாளையம் வந்துவிடுவாள். பையில் மாதிரி வினாத்தாள் கட்டு இருக்கும். வங்கி எழுத்தர் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேறியவள் அவள். இறந்துபோன அண்ணன் சேதுபதியின் மனைவி வெங்கடேஸ்வரி அதே தேர்வுக்கு எழுதிப்போட்டதும், ஆங்கிலப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாகவே சொன்னாள்.

வெங்கடேஸ்வரியின் வயதுக்கு விண்ணப்பமே எடுத்திருக்க மாட்டார்கள். கணவனை இழந்தவர்களுக்கு இருந்த சலுகையில்தான் எடுத்தார்கள். விண்ணப்பத்தில் அந்தச் சலுகைக்கான கட்டத்தில் டிக் போட அவளுக்கு இரண்டு நாள் ஆனது. அடுத்த வருடம் வயது அந்தச் சலுகையையும் தாண்டிவிடும். தேர்வுக்கு இன்னும் பதினைந்து நாள்.

கணக்கு பரவாயில்லை. ஆங்கிலம்தான் இடறியது. ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக்கி, பிழை எந்தத் துண்டில் என்று கேட்பார்கள். பிழையே இல்லையென்றால் ஐந்தாவது விடை. இருபது தாள் போட்டும் ஐந்தாவது விடையை அவள் ஒரு தடவைகூடத் தொடவில்லை. சரியான வாக்கியத்திலும் எதையாவது பிடித்துக்கொண்டு, இது உறுத்துகிறது என்பாள்.

எட்டு வருடமாக பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. கீழே டியூப் லைட் எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடும். இழை விட்ட இடத்தில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். நூலே இல்லாமல் ஒரு பீஸ் போனால், தூங்கிவிட்டாயா என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்புவார். அதனால் நல்ல துணியிலும் ஓரிடத்தில் நூல் கட்டிவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

அன்று பத்துக்கு நான்கு தவறு. நான்கும் பிழையில்லாத வாக்கியங்கள்.

“எல்லாத்துலயும் தப்பு இருக்கணும்னு யாரு மதினி சொன்னா?” என்றாள் மாரிசெல்வி.

“இல்லைன்னு போடப் பயமா இருக்கு செல்வி. நான் ஒழுங்காப் பாக்கலியோன்னு தோணுது.”

வெங்கடேஸ்வரி பேனாவை மூடி வைத்தாள். கேட்காமலே அந்தக் காலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நெஞ்சு கரிக்கிறது என்று சேதுபதி சொன்னதும் வாயுதான் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தது. சட்டை மாற்றட்டும் என்று ஆட்டோவை நிறுத்திவைத்தது. முன்னமே வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. ஒரு வருடமாக அந்த ஒரு மணி நேரத்தையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரிசெல்வி தாளைக் கீழே வைத்தாள்.

“நானும் தப்புத் தேடுனேன் மதினி. ஒங்ககிட்டதான் தேடுனேன். ஆறு மாசம் இந்த வீட்டுப் பக்கம் வராம இருந்தது அதுக்குத்தான்.”

வெங்கடேஸ்வரி நிமிர்ந்தாள்.

“டாக்டர்ட்ட நானே போயிக் கேட்டேன். ஆட்டோக்காரரயும் விடல. எம்புட்டு நோண்டியும் ஒங்க மேல ஒண்ணும் கெடைக்கல. பொறவுதான் ஒங்க மூஞ்சியில முழிக்க வெக்கமாப் போச்சு.”

அழுவாள் என்று மாரிசெல்வி நினைத்தாள். வெங்கடேஸ்வரி அழவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பதினோராவது வாக்கியத்தை மூன்று முறை வாசித்தாள். பிறகு பேனாவைத் திறந்து, ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்கினாள்.

மாரிசெல்வி விடையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தும் சிரிப்பு நிற்கவில்லை.

“இதுல தப்பு இருக்கு மதினி. மூணாவது துண்டுல, மலை மாதிரி.”

“இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள் வெங்கடேஸ்வரி. “அடுத்தத வாசி.”