சூரியனைப் பிடித்தவள்

காயலோரத்தில் இருக்கும் கேட்டா ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அது சுடுகாடு வரைக்கும் கூடவே வரும். எசினாமுக்கு வாய்த்த பெயர் 'சூரியனைப் பிடித்தவள்'. வைத்தவள் டாவி அக்பெனே, மீன் குளிர்கிடங்கின் முதலாளி. சந்தையில் மூத்த பெண்களைத்தான் டாவி என்பார்கள். அக்பெனேவை மட்டும் அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். அவளுடைய உரத்த குரலுக்குக் கொடுத்த மரியாதை அது.

பெயர் வந்த கதை இதுதான். எசினாம் மின்வாரியத்தில் வெப்பக் கேமராவோடு சுற்றுகிற பெண். சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை வீசிக்கொண்டே இருக்கும். அந்தக் கேமரா அதைப் பிடித்து வண்ணமாகக் காட்டும். குளிர்ச்சி நீலம், சூடு சிவப்பு, அதற்கும் மேலே போனால் வெள்ளை. வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் உச்சி வெயிலில், கம்பத்து உச்சியில் புத்தம்புதிதாய்ப் பளபளத்த ஓர் அலுமினியக் கவ்வியைப் பார்த்தாள். கேமராவில் அது வெள்ளை வெளேரென்று எரிந்தது. பதறிப்போய் லைனையே நிறுத்தச் சொல்லிவிட்டாள். லைன்மேன் செனியோ மேலே ஏறிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லம்மா! இதுல சூரியன்தான் தெரியுது, கண்ணாடி மாதிரி!" என்று கத்தினான். இரண்டடி தள்ளி நின்று பார்த்திருந்தால் அந்த வெள்ளைப் புள்ளியும் நகர்ந்திருக்கும், குட்டு வெளிப்பட்டிருக்கும். அவள் நகரவில்லை.

மின்சாரம் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அக்பெனேயின் பனிக்கட்டியெல்லாம் உருகிச் சாலையில் ஓடியது. மீன் கெட்டுப்போக, ஊர் நாய்களுக்கு அன்றைக்குத் திருவிழா. அன்று சந்தை நடுவில் நின்று அக்பெனே வைத்த பெயர்தான் இது. இப்போது கேட்டாவில் எசினாமின் உண்மைப் பெயர் என்னவென்று கேட்டால் முழிப்பார்கள்.

மீன் பருவம் தொடங்குமுன் குளிர்கிடங்குகளை எல்லாம் சோதித்தாக வேண்டும். அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை எசினாமும் செனியோவும் அக்பெனேயின் வாசலில் போய் நின்றார்கள். மறுநாள் அக்பெனேயின் மகள் டெலாவுக்குக் கல்யாணம். கிடங்கு முழுக்கக் கல்யாண மீன்.

"வாடியம்மா, சூரியனப் பிடிச்சவளே! இன்னிக்கு எதப் பிடிக்கப் போற? நிலாவையா?"

"உங்க ஸ்விட்ச் பெட்டியப் பாக்கணும், டாவி."

"பாரு. நல்லாக் கண்ணத் தொறந்து பாரு. என் கொழுந்தன் ஒரு வாரமா அதுக்குத்தான் அலங்காரம் பண்ணியிருக்கான்."

கொழுந்தன் டோட்சேதான் கிடங்கின் காவலாளி, கணக்கன், சகலமும். காலணியைக் கூட நாளுக்கு இரண்டு முறை துடைக்கிற ஆள். பெட்டியின் கதவை அவன் திறந்த தோரணையே தனி. உள்ளே மூன்று செப்புப் பட்டைகள் தகதகவென்று மின்னின.

"எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேச்சேன்," என்றான் டோட்சே. "இந்த ஊர்ல வேற யாரு வீட்லயாவது செம்பு இப்பிடி இருக்கா, சொல்லுங்க?"

எசினாம் விலகி நின்று கேமராவை உயர்த்தினாள். செம்பு முழுக்க நீலம், நடுவில் மட்டும் மஞ்சளாக ஓர் உருவம் தெரிந்தது. தலை, இரண்டு காது, உச்சியில் கட்டிய பின்னல் கொண்டை. அவள் கையைத் தூக்கினாள். அதுவும் தூக்கியது.

செனியோ விழுந்து விழுந்து சிரித்தான். "உன் போட்டோதாம்மா! போன தடவ சூரியன், இந்தத் தடவ நீயே."

"எல்லாம் நீலந்தானே?" என்று அக்பெனே எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு. எனக்குத் தலைக்கு மேல வேல கெடக்கு."

எழுதிக் கொடுத்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். எசினாமுக்கும்தான். ஆனால் அவள் கண் பட்டையை விட்டு அதில் வந்து சேரும் கறுப்பு ஒயரில் விழுந்துவிட்டது. மூன்றாவது பட்டையில் ஒயர் சேரும் இடம் சிவப்பு. ஒரு சாண் தள்ளி ஆரஞ்சு, இன்னும் தள்ளி மஞ்சள். ஒயரின் சூடு பட்டையை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் பட்டை மட்டும் நீலம். குளிர்ந்த இடத்திலிருந்து சூடு எப்படி வரும்? செம்பு பொய் சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் நினைப்பது சரியென்றால் அந்த இணைப்பு இன்றோ நாளையோ தீப்பிடிக்கும். கிடங்கோடு கல்யாணமும் போகும். தப்பென்றால், இந்த ஊரில் அவள் இனி முகத்தைக் காட்ட முடியாது.

"டாவி, கரண்ட்ட ஒரு பத்து நிமிஷம் நிறுத்தணும்."

அக்பெனே இடுப்பில் கையை வைத்தாள். "என்னது?"

"பட்டையில சின்னதா கறுப்பு டேப் ஒட்டணும். கரண்ட் இருக்கறப்ப ஒட்ட முடியாது."

"நீலமாத்தானே இருக்கு! உன் மிஷினே நல்லாருக்குன்னு சொல்லுது. ஆனா உனக்கு மட்டும் பொறுக்கல. ஏண்டி, என் மீனுக்கும் உனக்கும் என்ன ஜென்மப் பக?"

"செம்பு பளபளன்னு இருக்கறதால மிஷின ஏமாத்துது, டாவி."

"அன்னிக்குப் பளபளன்னு இருந்துச்சு, நெருப்புன்ன. இன்னிக்கும் பளபளன்னுதான் இருக்கு, ஏமாத்துதுங்கற. உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

டோட்சே உதட்டைச் சுழித்துக்கொண்டான். தேய்த்தது குற்றமாம், கேட்டீர்களா?

எசினாமுக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகம் வந்தது. இரண்டும் சேர்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"நான் சொல்றது தப்புன்னா, கல்யாண மீன் அத்தனைக்கும் நானே செதில் எடுக்கறேன். இதே சீருடையோட, உங்க வாசல்ல உக்காந்து."

செனியோ அவள் காதருகே குனிந்தான். "எத்தன கூடைன்னு பாத்துட்டா பேசற?"

"சரின்னா?" என்றாள் அக்பெனே. அவள் கண்ணில் ஒரு மினுக்கம். பந்தயம் என்றால் அவளுக்குச் சோறு கூட வேண்டாம்.

"எனக்கு வச்ச பேர நீங்களே சந்தையில நின்னு திருப்பி வாங்கிக்கணும்."

"நிறுத்துடா மெயின!" என்று கத்தினாள் அக்பெனே.

கிடங்கின் கதவுகளை இறுக்கச் சாத்தினார்கள். மின்சாரம் நின்றது. செனியோ சோதித்துப் பார்த்துச் சரி என்றதும், எசினாம் ஒவ்வொரு பட்டையிலும் இணைப்பை ஒட்டி நகம் அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டினாள். டோட்சே அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி மெயினைப் போட்டார்கள். குளிர்பதன இயந்திரங்கள் உறுமிக்கொண்டு கிளம்பின.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று டேப்பும் ஒரே மாதிரி பச்சையாகக் கிடந்தன. அக்பெனே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். அதன் மேல் செதில் கத்தியை வைத்தாள். பக்கத்தில் ஒரு கூடை மீனையும் இறக்கினாள். எசினாம் கேமராவை இறக்கவே இல்லை.

பிறகு மூன்றாவது டேப் மெல்ல மஞ்சளாயிற்று, அப்புறம் ஆரஞ்சு. மற்ற இரண்டும் பச்சையை விட்டு அசையவே இல்லை. மூன்றாவது சிவந்து, கடைசியில் வெள்ளையாகிவிட்டது. சுற்றியிருந்த செம்பில் மட்டும் அதே நீலம், அதே மஞ்சள் எசினாம்.

அக்பெனே கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஒரே பட்டதானே இது? டேப் இருக்கற எடம் கொதிக்குது, பக்கத்துல குளுருதாக்கும்?"

"பட்ட முழுசும் கொதிக்குது, டாவி. பளபளப்பா இருந்தா தன் சூட்ட வெளிய விடாது. எதிர்ல நிக்கறவங்க சூட்டத்தான் திருப்பிக் காட்டும். கறுப்பு டேப்பு உள்ளத உள்ளபடி சொல்லும்."

"எங்க மாமியா மாதிரி," என்றான் செனியோ.

"டேப்பா, செம்பா?" என்று கேட்டாள் அக்பெனே.

"ரெண்டும்தான். விருந்தாளி வந்தா செம்பு."

மெயினை மறுபடி நிறுத்தினார்கள். சூடு தணிந்ததும் செனியோ மூன்றாவது இணைப்பின் போல்ட்டில் விரலை வைத்தான். ஸ்பானரே தேவைப்படவில்லை. விரலுக்கே சுழன்றது. எல்லாரும் மெதுவாக டோட்சே பக்கம் திரும்பினார்கள்.

"பின்பக்கமும் தேய்க்கணும்ல," என்றான் டோட்சே.

"அதுக்குக் கழட்டினியா?" அக்பெனேயின் குரல் இறங்கியிருந்தது. அது ஏறியிருப்பதைவிட ஆபத்து.

"மெயின நிறுத்திட்டுதான் கழட்டினேன் அண்ணி. திருப்பி மாட்டவும் மாட்டினேன்."

"எதால?"

"கையாலதான். ஸ்பானர் பட்டா கீறல் விழுந்துரும்ல!"

செனியோ சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்பெனே முக்காலியை மட்டும் விரலால் காட்டினாள். டோட்சே போய் உட்கார்ந்து செதில் கத்தியை எடுத்தான்.

போல்ட்டை முறையாக முறுக்கி, மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது மூன்று டேப்பும் ஒரே பச்சை. எசினாமுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "டாவி, பந்தயம்," என்றாள்.

அக்பெனே வாக்கு மாறுகிறவள் இல்லை. சந்தைக்கு நடந்தாள், நடுவில் நின்றாள், வாயருகே கையைக் குவித்தாள்.

"எல்லாரும் கேளுங்க! எசினாமுக்கு நான் வச்ச பேர இன்னியோட திருப்பி வாங்கிக்கறேன்! யாரும் இனிமே அப்பிடிக் கூப்பிடக் கூடாது!"

வெங்காயக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "யாரு எசினாம்?"

"இதோ, இவதான்!"

"இவ பேரு எசினாமா?"

"என்ன பேரு வச்சீங்க, டாவி?" என்று கருவாட்டுக் கடையிலிருந்து இன்னொருத்தி கேட்டாள்.

அக்பெனே தவித்தாள். எசினாமைப் பார்த்தாள். வேறு வழியே இல்லை. "அதான்டி, சூரியனப் பிடிச்சவ!"

"ஓ, அவளா!" என்றது சந்தை முழுக்க. அப்புறம் எழுந்த சிரிப்பில் காயலோரக் கொக்குகள் பறந்தன. எசினாமும் சிரித்தாள். முதல் முறையாக அந்தப் பெயர் அவளைக் குத்தவில்லை.

"அவளேதான்!" அக்பெனேயின் குரல் சிரிப்பைத் தாண்டி வந்தது. "என் கெடங்கையும் என் மக கல்யாணத்தையும் இன்னிக்குக் காப்பாத்திக் குடுத்தவ!"

மறுநாள் பந்தலில் வறுத்த மீன் வாசனை தூக்கியடித்தது. விரல் நுனியெல்லாம் கீறலோடு டோட்சே ஒரு மூலையில் உட்கார்ந்து, காலணியில் ஒட்டிய செதிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். மரியாதைக்குரிய விருந்தினரை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்கள். ஊர்த் தலைவர் போனார், பாதிரியார் போனார். அப்புறம் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் உரக்கக் கேட்டார்.

"சூரியனைப் பிடித்தவள் எங்கே?"

எசினாம் கையிலிருந்த அக்ப்லே என்ற களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "இங்கதான் இருக்கேன்," என்றாள்.