இரண்டையும் திறந்தால்

வாசல் மணி அடித்தபோது அத்தை நாலாயிரத்து அறுநூறாவது சுற்றில் இருந்தாள். அந்த வீட்டில் மணியை அடிப்பவர்கள் அந்நியர்கள்தான். தெரிந்தவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே மாடியேறி வந்துவிடுவார்கள். வந்தும், சக்கரம் நிற்கும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். ஆகவே அவள் தலையைத் திருப்பவில்லை. வலது கை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. கம்பி ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. விரல்நுனியில் ஒரு சின்னக் குளிர்ச்சியாக மட்டும் தெரியும். ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டால் அறையே மெல்ல விலகிப்போகும். ஜன்னல் வெளிச்சம், மெழுகு வாசனை, தெருவில் போகும் வண்டிகள் எல்லாம் தண்ணீருக்கு மேலே எங்கோ இருப்பதுபோலவும், தான் மட்டும் அடியில் உட்கார்ந்திருப்பதுபோலவும் இருக்கும். முப்பத்தெட்டு வருஷமாக அவள் தினமும் அங்கே போய் வந்துகொண்டிருக்கிறாள்.

"அண்ணி" என்றாள் தம்பி மனைவி, வாசற்படியில் நின்றபடி. "பாப்பா வந்திருக்கா."

சக்கரம் நின்றது. கம்பி அறுந்துபோகாமலே, முப்பத்தெட்டு வருஷத்தில் பாதிச் சுற்றில் சக்கரம் நின்றது அன்றுதான்.

பாப்பா என்பது தம்பியின் ஒரே மகள். மூன்று வருஷம் கழித்துச் சொந்த வீட்டுக்கு வந்து மணியடித்திருக்கிறாள். தோளில் அவள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பை. பைக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் பேஸ் கிடார் பையைப் பார்த்ததும் அடையாளம் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

அவர்கள் செய்வது பேஸ் கிடாருக்கான பிக்கப். தந்திகளுக்குக் கீழே பதித்திருக்கும் விரல்நீளக் கறுப்புப் பெட்டி. உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றி ஒன்பதாயிரம் சுற்றுக் கம்பி. தந்தி அதிர்ந்தால் அந்த அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான். கம்பெனிக்காரன் வைத்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் கைக்கும் தன் காதுக்கும் ஏற்ற மாதிரி வேண்டும் என்பவர்கள் எழுதிக் கேட்பார்கள். அத்தை சுற்றுவாள். தம்பி காந்தம் ஏற்றி, மெழுகில் முக்கி, அடியில் மூன்று புள்ளி குத்துவான். அவர்கள் அப்பா வைத்த முத்திரை அது. வாத்தியக்காரர்கள் நடுவில் அதற்கு மூணு புள்ளி வீடு என்றே பெயர். காத்திருப்போர் பட்டியல் எட்டு மாதத்துக்கு நீளும்.

அந்தப் பெயரை நினைத்துத்தான் மூன்று வருஷம் முன்பு அத்தை நிமிர்ந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்னாள். கிடாரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த பேஸ் வாசிக்கிறவன் ஒருவன் பாப்பாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது சொன்னது: "அவங்களுக்குப் பிக்கப் குடுக்கலாம். பொண்ணு குடுக்க முடியாது." தம்பி பெண்ணைக் கொடுத்தான். அத்தை கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து தம்பியோடு பேச்சும் இல்லை.

ஆனால் வேலை ஒரே அறையில். "மெழுகு சூடு பத்தலைன்னு சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட" என்பாள், நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றி. "காதுல விழுந்துதுன்னு சொல்லு உங்க அண்ணிகிட்ட" என்பான் அவன். தம்பி மனைவி ஒருநாள் பொறுக்காமல், "ரெண்டு பேரும் என்னை வயரா வச்சிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல என்மேலயும் மூணு புள்ளி குத்திடுவீங்க" என்றாள். இருவரும் தனித்தனியாகச் சிரித்தார்கள்.

பாப்பா பையைத் திறந்து கிடாரை மேசைமேல் கிடத்தினாள். நின்றபடியே பேசினாள்.

"இதுல இருக்கற ஒரு பிக்கப் பழசு அத்தை. அவர் என்னைப் பார்க்கறதுக்கு முன்னாடியே இந்த வீட்டுல வாங்கினது. இன்னொண்ணு செத்துப்போச்சு. அதுக்கு ஜோடி வேணும்னு போன மாசம் கடை மூலமா எழுதிக் கேட்டு வாங்கினோம். நேரா கேட்டா செய்வீங்களோ மாட்டீங்களோன்னு."

அத்தை கிடாரைப் பார்த்தாளே தவிர அவளைப் பார்க்கவில்லை. "செய்யாம என்ன. கடைக்காரன் கேட்டான், செஞ்சோம். அதுக்கு என்ன இப்போ?"

"தனித்தனியா வச்சா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டையும் சேர்த்துத் திறந்தா அடிச் சத்தமே காணோம். கொசு பாடற மாதிரி இருக்கு."

தம்பி ஒலிபெருக்கியின் வயரைச் செருகி, பழையதன் குமிழை மட்டும் திறந்து தடித்த தந்தியை மீட்டினான். தரை லேசாக உறுமியது. புதியதை மட்டும் திறந்தான். அதுவும் குரல் கொடுத்தது, கொஞ்சம் கறாராக, தெளிவாக. பிறகு இரண்டையும் திறந்தான். யாரோ அடியிலிருந்து பாயை உருவியதுபோல ஒலி சரிந்தது. மிஞ்சியது ஒரு மெல்லிய மூக்குச் சத்தம். இரண்டு பேர் ஒரு கட்டிலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் கட்டில் நகராது. அதே கதைதான். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது.

அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. ஜோடிக்குச் செய்யும்போது கம்பியை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், காந்தத்தையும் தலைகீழாக ஏற்ற வேண்டும். இரண்டும் மாறினால் சரி. ஒன்று மட்டும் மாறினால் இப்படித்தான். அத்தையின் அப்பா அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார். மெழுகில் முக்குவதற்கு முன் சுற்றியவர் திசையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். காந்தம் ஏற்றியவர் பதிலுக்குச் சொல்ல வேண்டும். "வலம்." "வடக்கு." அல்லது "இடம்." "தெற்கு." இரண்டு வார்த்தை. எத்தனையோ ஆயிரம் பிக்கப்புக்கு அக்காவும் தம்பியும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மூன்று வருஷமாகத்தான் சொல்வதில்லை. அவரவர் சீட்டைப் பார்த்து அவரவர் வேலை.

"நாளைக்குக் காலையில ரெக்கார்டிங்" என்றாள் பாப்பா. அவள் குரல் சற்று இறங்கியது. "அவர் ஒண்ணும் சொல்லலை. கூட வாசிக்கறவங்கதான் பேசிக்கறாங்க. மூணு புள்ளி வீட்டுல தப்பு வராது, வந்தா அது வேணும்னு வந்ததா இருக்கும்னு. அந்தக் கடைக்காரர் எல்லார்கிட்டயும் இது யாருக்குன்னு சொல்லிட்டாராம். அத்தை தெரிஞ்சேதான் செஞ்சாங்களான்னு கேக்கறாங்க."

அத்தையின் முதுகு ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. இன்னும் நேரானது. "வேணும்னு கெடுக்கற கை இந்த வீட்டுல பிறக்கலை" என்றாள். "எடு அந்தத் திசைகாட்டியை."

தம்பி தன் மனைவியைப் பார்த்து அவசரமாகச் சொன்னான்: "நான்தான் காந்தத்தை மாத்தி ஏத்தியிருப்பேன். கண்ணு முன்ன மாதிரி இல்லை. சொல்லு அக்காகிட்ட."

தம்பி மனைவி வாயைத் திறப்பதற்குள் அத்தை திசைகாட்டியோடு கிடார்மேல் குனிந்துவிட்டாள். மற்ற மூவருக்கும் அவள் முதுகுதான் தெரிந்தது. பழையதன்மேல் பிடித்தாள். சிவப்பு முனை விலகி ஓடியது. வடக்கு. புதியதன்மேல் பிடித்தாள். சிவப்பு முனை ஒரு நொடி தயங்கி, பிறகு காந்தத்தை நோக்கி வந்து படுத்துக்கொண்டது.

தெற்கு. தம்பி சரியாகத்தான் ஏற்றியிருக்கிறான்.

அவள் நிமிரவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நாள் ஒரு கனவு ஞாபகம் வருவதுபோல ஓரத்திலிருந்து வந்தது. மழை பெய்த மத்தியானம். காலையிலிருந்து வலப்பக்கச் சுற்று ஐந்து முடித்திருந்தாள். அடுத்தது இடப்பக்கம் என்று சீட்டில் இருந்தது. திசை மாறும் நாளில் சக்கரத்தின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டுவாள், கை பழக்கத்தில் போய்விடக் கூடாதென்று. நூலை எடுத்தாள். அப்போது தம்பியின் போனில், அவளுக்காகச் சத்தத்தைக் குறைத்து வைத்து, ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மேலே என்னென்னவோ வாத்தியம். அதற்கெல்லாம் அடியில் ஒரு பேஸ். பக்கத்து அறையில் யாரோ விளக்குப் போடாமல் நடந்து போவது மாதிரி, எங்கே மேசை, எங்கே படி என்று தெரிந்த காலோடு, அவசரமில்லாமல். ஒரு இடத்தில் அந்த நடை நின்றது. அது மறுபடி எப்போது கால் எடுத்து வைக்கும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை சக்கரத்தில் இருந்தது. அந்த நடை கால் எடுத்து வைத்தபோது கையும் பழகிய பக்கமே கிளம்பிவிட்டது.

தண்ணீருக்கு அடியில் அன்றைக்கு அவள் தனியாக இல்லை. அவ்வளவுதான் ஞாபகம். சாயங்காலம் கை கழுவும்போது சுண்டுவிரலில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. கழற்றி டப்பாவில் போட்டாள். விரலில் மோதிரத் தடம் மாதிரி ஒரு கோடு கொஞ்ச நேரம் இருந்தது. வாசித்தது யாரென்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

இப்போது திசைகாட்டியை மூடிவைத்தால் போதும். தம்பி சொன்னதற்கு ஆமாம் என்று தலையசைத்தால் போதும். பெற்ற அப்பா வேண்டுமென்று செய்தான் என்று எந்தக் கழுதையும் சொல்லாது. கண் சரியில்லை, போகட்டும் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். வீட்டின் பேர் தப்பிக்கும். தப்பு அத்தையுடையது என்று வெளியே போனாலோ, வன்மம் என்றுதான் ஊர் பேசும். இல்லை என்று சொல்ல அவளிடம் இருப்பது ஒரே ஒரு காரணம், அந்த மழைநாள் வாசிப்பு. அதைச் சொல்வதற்குப் பதில் வன்மம் என்றே பேசட்டும் என்று விட்டுவிடலாம் போலிருந்தது.

பின்னால் தம்பி தொண்டையைச் செருமினான். அவனுக்குத் தெரியும். தான் ஏற்றியது தெற்கு என்று தெரிந்தேதான் முந்திக்கொண்டு சொன்னான். சின்ன வயதில் அவள் உடைத்த கண்ணாடி டம்ளருக்கும் இப்படித்தான் முந்திக்கொண்டு போய் அடி வாங்கினான். அன்றைக்கு அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அது ஐம்பது வருஷமாக எங்கோ ஒரு சில்லாகக் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அத்தை நிமிர்ந்தாள். தம்பியின் பக்கம் திரும்பினாள். மூன்று வருஷத்தில் அவனுடைய முன்முடி இவ்வளவு கொட்டிப்போயிருப்பதை அவள் கவனிக்கவே இல்லை.

"வலம்" என்றாள்.

தம்பி மனைவி வழக்கம்போலச் செய்தியைக் கொண்டுபோகத் திரும்பினாள், அதற்குத் தேவையில்லை என்று புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெற்கு" என்றான் தம்பி.

"இடம் சுத்தியிருக்கணும். நான் வலம் சுத்திட்டேன்" என்று அத்தை பாப்பாவிடம் சொன்னாள், ஏதோ கணக்குப் பாடம் சொல்வதுபோல. "ரெண்டு வயரையும் இடம் மாத்திப் பத்தவச்சா சரியாயிடும். பத்து நிமிஷ வேலை. யார் என்ன கேட்டாலும் தப்பு என்னுதுன்னு சொல்லு."

"வேணும்னு செஞ்சீங்களான்னு கேட்டா, அத்தை?"

அத்தை கிடாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிடாரின் தட்டைக் கழற்றி, பற்றவைக்கும் சூடுகோலால் பழைய ஈயத்தைத் தொட்டாள். ஈயம் ஒரு கண்ணீர்த்துளி அளவுக்கு மினுங்கி இளகியது. வெள்ளை வயரையும் கறுப்பு வயரையும் பிரித்து ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தாள். புகை நூலாக எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் நெளிந்தது. அது கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே தம்பியைக் கேட்டாள்:

"அன்னைக்கு மழையில உன் போன்ல ஒண்ணு ஓடிச்சே. நடுவுல நின்னு நின்னு போகும். அதை வாசிச்சது யாரு?"

தம்பி மகளைப் பார்த்தான். பாப்பா அப்பாவைப் பார்த்தாள். பாப்பாவின் முகத்தில், தான் கேட்ட கேள்விக்கே பதில் கிடைத்துவிட்டதுபோல ஏதோ மெல்ல விரிந்தது.

"சரி. இப்போ இதை வாசிச்சுப் பாக்கறது யாரு?" என்றாள் அத்தை. "உன் அப்பாவுக்கு ஒத்தைத் தந்தியைத் தட்டத்தான் தெரியும்."

"அவர் கீழே வேன்ல உக்காந்திருக்கார். மேல வர மாட்டேன்னுட்டார்."

"நானா போய்க் கூப்பிட முடியாது."

"நான் போறேன் அத்தை."

"போ. அதையே வாசிக்கச் சொல்லு. சரியான்னு எனக்குத் தெரியணும். அந்த ஸ்டூல்ல உக்காரட்டும், என் முதுகுப் பக்கமா. எனக்குப் பாதியில நிக்கற வேலை ஒண்ணு இருக்கு."

பாப்பா படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது. கடைசி நாலு படியை அவள் சின்ன வயதில் செய்வதுபோலத் தாவினாள். தம்பி கிடாரை ஸ்டூலில் சாய்த்துவைத்து, இரண்டு குமிழ்களையும் முழுக்கத் திறந்துவிட்டான்.

அத்தை தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பாதியில் நின்ற கம்பிச் சுருளை அவள் தொடரவில்லை. கம்பியைக் கத்தரித்து, அதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கம்பி இல்லாத வெறும் சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சுவரைப் பார்த்தபடி காத்திருந்தாள். படியில் இரண்டு ஜோடிக் கால்கள் ஏறி வந்தன. ஒன்று தயங்கியது. ஸ்டூல் நகர்ந்தது.

முதல் சுரம் தரை வழியாக அவள் பாதத்துக்கு வந்தது. அடுத்தது முழங்காலுக்கு. யாரோ இருட்டில், வழி தெரிந்த காலோடு, பக்கத்து அறையிலிருந்து இந்த அறைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மேசைமேல் திசைகாட்டியின் முள் லேசாக நடுங்கியது. அந்த இடம் வந்தது, நடை நின்றது. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குக் கீழே சக்கரம், எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லாமலே, மெல்லச் சுற்ற ஆரம்பித்திருந்தது.