இங்கேன்னா எங்கே?

என் தங்கைக்குப் பொய் சொல்ல வராது. இதை இன்று யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். ஒன்பதரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். நான் வேலை பார்க்கிற மருத்துவமனையில்தான், முந்தின நாளே வந்து சேர்ந்திருந்தார். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கீழ்த்தளத்தில் ஏ.சி. இரைச்சலுக்கு நடுவே, வருடம் பூராவும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அங்கிருக்கிற கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவள். ஒவ்வொரு நோயாளியின் வயது, ரத்த வகை, எந்த மருந்து ஆகாது என்பது வரை எல்லா விவரமும் என் மேஜைக்குப் பின்னால் உள்ள கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள் இருக்கிறது. டேட்டாபேஸ் என்பது அதுதான். மாடியில் டாக்டர்களுக்கு முன்னால் இருக்கிற திரைகளும், நகரத்தின் மறுகோடியில் எங்கள் கிளை மருத்துவமனையில் இருக்கிற திரையும் வெறும் ஜன்னல்கள். எத்தனை ஜன்னல் வைத்தாலும் வீடு ஒன்று. இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அப்பா தங்கை வீட்டில், அந்தக் கிளைக்குப் பக்கத்தில் இருக்கிறார். நானும் அவளும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பெரிய சண்டை எதுவும் கிடையாது. போன வருடம் கிளையில் எடுத்த அப்பாவின் சர்க்கரை அளவை என் திரையில் பார்த்துவிட்டு, "அவருக்கு என்னத்தடீ சாப்பிடக் கொடுக்கற?" என்று போனில் காய்ச்சி எடுத்தேன். "உக்காந்த இடத்துலேந்தே வேவு பாக்கறியா?" என்றாள். அதோடு பேச்சு சுருங்கிவிட்டது. ஆனாலும் அப்பாவின் பக்கத்தை நான் தினமும் காலையில் திறந்து பார்த்துவிடுவேன். வேலைக்கென்று கொடுத்த சாவியைச் சொந்தக் காரியத்துக்குத் திருப்புவது தப்புதான். தெரிந்தேதான் செய்தேன். நான் பார்ப்பேன் என்பது அவளுக்கும் தெரியும். அப்பா விஷயமாக எங்களுக்குள் போனே தேவைப்படாமல் போனது அதனால்தான்.

அதனால் அவள் எண்ணைப் பார்த்ததும் ஆச்சரியமாக இருந்தது.

"அப்பாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. நீ வரலியா?"

"மூணு பேருக்கு இன்னிக்கு லைசென்ஸ் டெஸ்ட். முடிச்சிட்டு மதியம் வரேன்."

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். மற்றவர்கள் பிரேக் போட மறக்கும்போது பக்கத்து இருக்கையில் இருந்தபடி போட்டுக் காப்பாற்றுவது அவள் பிழைப்பு.

"அந்த ஊசி விஷயம் டாக்டர் பாத்திருப்பாருல்ல? இருந்தாலும் ஒரு வார்த்த கேட்டுடலாமேன்னுதான்."

"எந்த ஊசி?"

"எந்த ஊசியா? நல்லா கேக்கற போ. கால் புண்ணுக்குன்னு ஆன்டிபயாடிக் போட்டு, உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கி, மூச்சு விட முடியாம கெடந்தாரே. இன்னொரு தடவ போட்டா உயிருக்கே ஆபத்துன்னு சொன்னாங்களே. ரெண்டு வாரம் ஆச்சு."

பேசிக்கொண்டே அப்பாவின் பக்கத்தைத் திறந்தேன். 'ஒவ்வாமை: எதுவும் இல்லை' என்று பச்சை எழுத்தில் இருந்தது. அன்று காலையிலும் அப்படித்தான் பார்த்தேன்.

"இங்க அப்படி எதுவும் இல்லியே."

"இருக்கும். பக்கத்துல நின்னு நான்தானே கம்ப்யூட்டர்ல ஏத்த வச்சேன்."

"ஏத்தியிருந்தா வந்திருக்கும்."

"ஏத்தியாச்சுன்னு சொல்றேன்ல."

"சும்மா அளக்காதடீ. மறந்துட்டா மறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போ."

போனை வைத்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒன்றை நாலாக்கிச் சொல்வது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். லேசாக எங்கேயோ அரித்திருக்கும், இவள் மூச்சு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள் என்று நினைத்தேன். அந்த நிமிடமே நான் மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முதலில் அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கிளையின் வரவேற்பு மேஜைக்குப் போன் செய்தேன். அங்கே இருக்கிற அம்மாளுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் 'சரிங்க மேடம்'. என்னைவிடப் பத்து வயது பெரியவர். எதைச் செய்யச் சொன்னாலும் அந்த இரண்டு வார்த்தைதான் பதில். கட்டடம் இடிந்து விழுகிறது, வெளியே போங்கள் என்றாலும் அதைத்தான் சொல்வார்.

"எங்கப்பா பக்கத்தத் தொறங்க. ஒவ்வாமைன்னு ஏதாவது ஏத்தியிருக்கா?"

"இருக்கே மேடம். செவப்புல பளிச்சுன்னு இருக்கு. உங்க தங்கச்சி பக்கத்துலயே நின்னு ரெண்டு தடவ படிச்சுப் பாத்தாங்க."

"வாய்ப்பே இல்ல. நான் இங்க பாத்துட்டுதானே இருக்கேன். இல்ல."

"நானும் இங்கதான் பாத்துட்டிருக்கேன் மேடம். இருக்கு."

அவர் சொன்ன 'இங்க' காதில் விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"திரைக்கு அடியில, 'தகவல் எங்கே'ன்னு ஒரு வரி இருக்கும். என்ன போட்டிருக்கு, படிங்க."

"'இங்கே'ன்னு போட்டிருக்கு மேடம். நீங்க சொன்னதுதானே."

நான்தான் சொன்னேன். பத்தொன்பது நாளைக்கு முன் கிளையின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. புதியதை என் மேஜையில் வைத்துத் தயார் செய்தேன். விவரங்களைத் திரையில் காட்டுகிற நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, கறுப்புப் பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒரு நகல் எடுத்து அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போட்டுச் சோதித்தேன். சோதித்து முடித்ததும் நகலை அழிக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

இன்னொரு கூத்தும் என்னுடையதுதான். டேட்டாபேஸ் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நிரலுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். புள்ளி வைத்த எண்களாக அதைக் கேட்டால் எல்லோரும் மிரள்கிறார்கள் என்று, 'தகவல் எங்கே?' என்று நல்ல தமிழில் ஒரு கேள்வி போட்டு, அடியில் இரண்டு பொத்தான் வைத்திருந்தேன். ஒன்று 'இங்கே', மற்றது 'வேறு இடத்தில்'. 'இங்கே' என்றால் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே என்று அர்த்தம். அந்த அர்த்தம் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. கம்ப்யூட்டர் கிளைக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மாள் போன் செய்தார். நான் வாய் நிறையச் சாப்பாட்டோடு இருந்தேன்.

"டேட்டா எங்க இருக்குன்னு கேக்குது மேடம்."

"இங்கதான் இருக்கு."

"அப்ப இங்கேன்னே போட்டுடவா?"

"ஆமா ஆமா, இங்கதான்."

"சரிங்க மேடம்."

என் 'இங்கே' என் முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டி. அவருடைய 'இங்கே' அவர் மேஜை. நிரல் அவர் சொன்ன இடத்தில் தேடியது, நான் அழிக்காமல் விட்ட நகல் கிடைத்தது, சமர்த்தாகத் திறந்துகொண்டது. நகல் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் 'இணைக்க முடியவில்லை' என்று அப்போதே கத்தியிருக்கும். பழைய நோயாளிகள் எல்லாரும் அதில் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாளே அந்த அம்மாள், "முன்னெல்லாம் ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள கொட்டாவி வந்துடும் மேடம், இப்ப கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்து நிக்குது" என்றார். என் கைவண்ணம் என்று நினைத்து வீட்டில் கணவரிடம் வேறு பீற்றிக்கொண்டேன். எந்த விவரமும் அந்த மேஜையைத் தாண்டிப் போகவே இல்லை. பிறகு வேகத்துக்கு என்ன குறைச்சல்!

இவ்வளவையும் யோசித்தது பிற்பாடு. அப்போது ஓடினேன். லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது. படியில் ஏறினேன். மூன்றாம் மாடி போய்ச் சேரும்போது மூச்சு என் கையில் இல்லை.

ஆபரேஷன் அறைக்கு முன்னால் உள்ள கட்டிலில், பச்சை அங்கியில், தொப்பியோடு அப்பா படுத்திருந்தார். கையில் குழாய் மாட்டியிருந்தது. நர்ஸ் தட்டில் இருந்து ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"போடாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அந்தத் தளமே திரும்பிப் பார்த்தது.

"ஆன்டிபயாடிக்தானே அது? அதுல ஒண்ணு இவருக்கு ஆகாது."

"சிஸ்டத்துல அப்படி எதுவும் இல்லியே. அய்யாகிட்டயும் கேட்டேன், எனக்கு ஒண்ணும் கெடையாதுன்னாரு" என்றார் நர்ஸ்.

"அப்பா, ரெண்டு வாரம் முன்ன ஊசி போட்டு உடம்பு தடிச்சுதா இல்லையா?"

"லேசாத்தாம்மா. அதுக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

"உதடு வீங்கலையா?"

"வீங்குச்சு. அப்புறம் வத்திடுச்சுல்ல." வற்றிவிட்டது என்றால் வரவே இல்லை என்பது அவர் கணக்கு.

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் கை கழுவிய ஈரத்தோடு வெளியே வந்தார். அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். அவரை அப்படிப் பழக்கியது நான்தான்.

"யார் சொன்னது?"

"என் தங்கச்சி சொன்னா டாக்டர்."

"சிஸ்டம் இல்லேங்குதே."

"சிஸ்டம் தப்பு. அத வச்சிருக்கறவ நான், அதனால சொல்றேன். என் தங்கச்சி சொன்னதுதான் சரி."

என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு நர்ஸிடம் தட்டை எடுத்துப் போகச் சொன்னார். கிளை டாக்டரோடு அவரே போனில் பேசினார். பேசி முடித்து வேறு மருந்து எழுதினார். பத்து மணிக்கு அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

அவர் உள்ளே இருந்த நேரமெல்லாம் நான் கீழே இருந்தேன். பத்தொன்பது நாளில் கிளைக்கு வந்துபோன நானூற்றுச் சொச்சம் பேருடைய விவரங்கள் அந்த ஒரே மேஜையில் அடைபட்டுக் கிடந்தன. அவற்றில் சிவப்பு எழுத்து உள்ளவர்களை முதலில் பிரித்தேன். அப்பாவைச் சேர்த்து மூன்று பேர். மற்ற இரண்டு பேருக்கும் நானே போன் செய்தேன். ஒருவர் அலுவலகத்தில் இருந்தார். இன்னொருவர், ஒரு வயதான அம்மா, "நல்லாத்தான் இருக்கேன், துணி காயப் போட்டுட்டிருக்கேன், நீ யாரு?" என்றார். அந்தக் குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

'சரிங்க மேடம்' போனிலேயே அழுதுவிட்டார். "நான் தப்பா அமுத்திட்டேனா மேடம்?"

"நீங்க நான் சொன்னதத்தான் அமுத்துனீங்க. தப்பு சொன்னவளோடது."

இந்தத் தடவை அவர் சரிங்க மேடம் என்று சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே நீங்க இங்கேன்னு சொன்னா, இங்கேன்னா எங்கேன்னு திருப்பிக் கேப்பேன்" என்றார். கேளுங்கள் என்றேன். பொத்தானில் இருந்த அந்த வார்த்தையை அப்போதே எடுத்துவிட்டு, 'தலைமை மருத்துவமனை, கீழ்த்தளம்' என்று எழுதினேன். நடந்தது அத்தனையையும் ஒன்று விடாமல் எழுதிச் சாயங்காலத்துக்குள் தர வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

தங்கை ஒரு மணிக்கு வந்தாள். கூரையில் பயிற்சிப் பலகை மாட்டிய காரிலேயே வந்திருந்தாள். அப்பா கண் விழித்து, தண்ணீர் கேட்டு, மறுபடி தூங்கியிருந்தார். அவரைக் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் படியேறி வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"நீ சொன்னது நெஜம்டீ. ஏத்தியிருக்க. தப்பு என்னோடது. அந்தக் கம்ப்யூட்டர் எங்களோட சேரவே இல்ல. பத்தொம்பது நாளா அங்க ஏத்தினது எதுவும் எனக்கு வரல."

"எதுவுமேவா?"

"எதுவுமே. நான் தெனமும் பாத்தேன். புதுசா ஒண்ணும் இல்ல, அப்பா நல்லா இருக்காரு, நீ நல்லா பாத்துக்கறேன்னு நெனச்சுட்டிருந்தேன்."

இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அவருக்கு அப்படி ஆனது, இன்னிக்குக் காலைல நான் சொல்லித்தான் உனக்குத் தெரியுமா?"

"ஆமா."

அவள் கண் நிறைந்துவிட்டது. காலையில் அவளை அளக்காதே என்று சொன்னதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நீதான் தெனமும் பாப்பியே. அன்னிக்கு ஏத்தி முடிச்சிட்டு, போனக் கையில வச்சுக்கிட்டே அப்பா பக்கத்துல உக்காந்திருந்தேன். திட்றதுக்காவது நீ கூப்பிடுவன்னு. வரல. மறுநாளும் வரல. ரெண்டு வாரமும் வரல. படிச்சுட்டும் நீ சும்மா இருக்கன்னு நெனச்சேன்க்கா."