சோப்புப் பட்டறையின் சர்வர்

2006 ஆகஸ்ட் கடைசியில், சாரம் பகுதியில் சலீமாவின் சோப்புப் பட்டறையில் இருந்த மின்னஞ்சல் சர்வர், வெளியே போகாத கடிதங்களின் பாரத்தால் மேசையோடு சிமெண்டுத் தரைக்குள் நான்கு விரற்கடை இறங்கியது. அந்த மாதம் தேங்காய் எண்ணெய் விலையும் ஏறியிருந்தது.

அந்தச் சர்வரைக் கட்டியவர் பக்கத்துத் தெரு ரேமோன். பிரெஞ்சுப் படையில் ரேடியோ பிரிவில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா. பட்டறையின் இலவச முகவரியிலிருந்து போன கடிதங்களை லியோன் நகரக் கடையின் கம்ப்யூட்டர் குப்பையென்று ஒதுக்கிவந்தது. பட்டறையின் பெயரிலேயே ஒரு முகவரி வேண்டியிருந்தது. புதிதாக வாங்க வசதியில்லை. ரேமோன் சைக்கிளில் ஊரைச் சுற்றினார். ரெட்டியார்பாளையத்துப் பல் டாக்டர் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கொடுத்தார். மாதா கோயில் சாமியார் ஹார்ட் டிஸ்க் கொடுத்தார். பிரவுசிங் சென்டரை மூடிவிட்ட கண்ணையன் மதர்போர்டு கொடுத்தார். முதல் கடிதம் போகும் முன் சலீமா ஃபாத்திஹா ஓதி, கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நார்சாவாக, ஓதிய இனிப்பாக, பூந்திப் பொட்டலம் அனுப்பினார்.

அன்றிலிருந்து கடிதங்கள் உள்ளே வந்தன. ஒன்றும் வெளியே போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு நாலாயிரம் மல்லிகை சோப்பு வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் வேறிடம் பார்ப்போம் என்று லியோன் கடை எழுதியிருந்தது. போனில் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. அந்த ஆர்டர் போனால் பட்டறையின் ஒன்பது பெண்களுக்கும் தை வரை வேலை இல்லை. சலீமா பதினோரு நாளில் முப்பது தடவை சம்மதம் அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் பெட்டி இன்னும் கனத்தது.

வியாழக்கிழமை காலை ரேமோன் பெட்டியைப் பிரித்து, பாகங்களை ஒவ்வொன்றாகச் சோப்பு நிறுக்கும் தராசில் வைத்தார். எல்லாம் சரியான எடை. விரல் நீள மெமரிப் பலகையைத் தூக்க மட்டும் நான்கு பெண்கள் வேண்டியிருந்தது.

"இத யாருண்ணே குடுத்தது?" என்றார் சலீமா.

"யாரும் குடுக்கல. மேட்டுப்பாளையத்துல அஞ்சலாட்சியம்மா காயலான் கடை குப்பையில கெடந்துச்சி. எடுத்துக்கோன்னு கைய காட்னாங்க. போன்ல பேசிகினே வந்துட்டேன்."

"அப்ப அவங்கதான குடுத்தது? அவங்களுக்கு நார்சா?"

"குப்பைக்குப் போய் யாரு தங்கச்சி நார்சா குடுப்பாங்க?"

"பட்டாளத்துல இருபது வருஷம் மெர்சி, மெர்சின்னு நன்றி சொன்னீங்களே, இங்க வந்து வாய் ஒட்டிக்கிச்சா?"

இருவரும் அப்போதே பூந்தி வாங்கிக்கொண்டு போனார்கள். அஞ்சலாட்சி பழைய ஒயரை உரித்துக்கொண்டிருந்தார். ரேமோன் தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்த? இங்க எடுத்துட்டுப் போறவன்லாம் சாமான் சரியில்லன்னு திட்டத்தான் திரும்பி வருவான். நீதான்யா மொத ஆளு." பூந்தியை வாயில் போட்டு, "ஏலக்கா கொஞ்சம் தூக்கல்" என்றவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது மெமரிப் பலகையை இரண்டு விரலால் தூக்க முடிந்தது. அதை மாட்டிப் பெட்டியை மூடியதும் முப்பது சம்மதங்களும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்றே போதும், ஆர்டர் உங்களுக்குத்தான் என்று லியோனிலிருந்து பதில் வந்தது.

பிறகு எந்தப் பாகம் மாற்றினாலும், கொடுத்தவரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார்கள். ஆண்டவன் கணக்கில் சின்னக் கொடை என்று ஒன்று கிடையாது என்பார் சலீமா. வருஷத்துக்கு வருஷம் பெட்டி இலேசானது. 2009இல் ஃபேன் காற்றில் நகர ஆரம்பித்ததால், அதன்மேல் வெட்டாத சோப்புக் கட்டி ஒன்றை வைத்தார்கள். பெருக்க வருகிற செல்வாம்பாள் சோப்பை எடுத்து வைத்துவிட்டு, சர்வரை ஒரு விரலால் ஜன்னல் உயரத்துக்குத் தள்ளி, அடியில் பெருக்கி முடித்ததும் மறுபடி கீழே இறக்கிவைப்பார்.