உருளைக்கிழங்கு சலாட்டுக்கு முன்னால் ஒரு மன்றாட்டுமாலை

ஜெர்மனியின் ஹம் நகரத்து முதியோர் இல்லத்தில் ஒரு கோடி கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிவிட்டு ஓய்வுபெற்ற பிளோறன்ஸ் ஆகிய நான், 2007ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒரு பெரிய கொம்பனிக்குச் சொந்தக்காரி ஆனேன். என்னிடம் இருந்தது ஒரேயொரு பங்கு. அரைக் கிலோ விளைமீன் அதைவிட விலை. அதனாலென்ன, சொந்தக்காரி என்றால் சொந்தக்காரிதான். அன்றிலிருந்து வீட்டில் என் மனுசன் யாகோப்பு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தரவேண்டும் என்று சட்டம் போட்டேன். அவர் கேட்கவில்லை.

என்னை முதலாளி ஆக்கியவள் ஃபுராஹா. எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் எனக்கு முன் வாங்கில் இருக்கும் கொங்கோக்காரி. அவளுடைய தம்பி தெயோகிறாசியாஸ், கொங்கோவின் கிவு மலைகளில் துப்பாக்கி முனையில் கொல்டான் தோண்ட வைக்கப்படும் சனங்களைப் பற்றி எழுதியவன். கொல்டான் என்பது எங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசிக்குள்ளும் இருக்கும் மண். அதை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவனின் ஆயுதக்காரர்கள் நத்தார்ப் பண்டிகைக்கு முன் தெயோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வியாபாரியின் மண்ணை வாங்கித் தூளாக்குவது, எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் இந்தக் கொம்பனி.

"ஒரு பங்கு இருந்தால் ஆண்டுக் கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கலாம், மம்மா பிளோறன்ஸ்" என்றாள் ஃபுராஹா. "நான் தனியாகக் கேட்டால் மைக்கை நிறுத்திவிடுவார்கள். எத்தனை பேர் வருவீர்கள்?"

எனக்கு அம்மா ஞாபகம் வந்தாள். மன்னாரில் ஆமி என் தம்பியைப் பிடித்தபோது, காம்ப் வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். அந்தச் சத்தத்தில் இராமேஸ்வரத்தில் காகம் பறந்தது. பெயர் ஊருக்குத் தெரிந்துவிட்ட ஆளை இருட்டில் முடிப்பது கஷ்டம். தம்பியை விட்டார்கள்.

"ஆயிரம் பேர் வாறம்" என்றேன். ஆளுக்கொரு பங்கு வாங்கிப் பதினாறு பேர் சேர்ந்தோம். எல்லோரும் எங்கள் தமிழ்ப் பூசைக்காரர்.

யாகோப்புதான் முரண்டு பிடித்தார். "விசரே உனக்கு? அங்கை முழுக்கக் கோட்டும் சூட்டும் போட்ட ஆக்கள். நான் வாய் திறக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

"நீங்கள் வாய் திறக்க வேண்டாம். சும்மா வந்து வரிசையிலை நில்லுங்கோ. ஒரு தலை கூடும்."

ஆண்டுக் கூட்ட மண்டபம் கடல்போல் இருந்தது. பங்குதாரர்களில் பாதிக்கு மேல் என்னைப்போல ஓய்வுபெற்ற கிழடுகள். எல்லோருடைய கண்ணும் பின்கதவில். அதற்கப்பால் சொசேஜும் உருளைக்கிழங்கு சலாட்டும் காத்திருந்தன. கேள்வி நேரம் முடிந்தால்தான் அந்தக் கதவு திறக்கும் என்று மேடையிலிருந்த தலைவர் அறிவித்தார். ஆள் இரண்டு பனை உயரம்.

ஃபுராஹா முதலில் கேட்டாள்: "அந்த வியாபாரியிடம் வாங்குகிறீர்களா, இல்லையா? என் தம்பி எங்கே?"

"விநியோகப் பாதை மிகவும் சிக்கலானது" என்றார் தலைவர்.

எங்கள் பதினாறில் புஷ்பா அதையே கேட்டாள். அதே பதில். அவளுக்குப் பின்னால் நின்ற அன்ரனிற்றா வாயைத் திறந்தாள். "இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது" என்றார் தலைவர். மைக் செத்தது.

வரிசையில் அடுத்து நின்றது யார்? என் மனுசன்! செத்த மைக்குக்கு முன்னால் நின்று, ஒரு வயலுக்குப் பாய்ச்சக்கூடிய அளவுக்கு வியர்த்தார். பயம் வந்தால் யாகோப்புக்கு ஒன்றுதான் தெரியும். தமிழ்ப் பூசையில், புனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மன்றாட்டுமாலைக்கு முதற்குரல் கொடுப்பவர் அவர். அதே இராகத்தில், டொச்சில், அதுதான் ஜெர்மன் பாஷையில், இழுத்தார்:

"கிவு மலையின் தெயோகிறாசியாஸே..."

அந்த இராகம் காதில் விழுந்தால் எங்கள் வாய் எங்களைக் கேட்காது. பதினைந்து தொண்டைகள் ஒன்றாகத் தமிழில் முழங்கின: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

ஃபுராஹா திகைத்துப் பார்த்தாள். ஐயோ, உயிரோடிருக்கிறவனைப் புனிதராக்கிவிட்டோம்!

"அதில்லை, அதில்லை! 'வோ இஸ்ற் ஏர்' எண்டு சொல்லுங்கோ!" என்று நான் கத்தினேன். அவர் எங்கே என்று அர்த்தம்.

"துப்பாக்கி முனையில் பிடிக்கப்பட்டவரே..."

"வோ இஸ்ற் ஏர்?"

"எங்கள் தொலைபேசிகளின் மண்ணைப் பற்றி எழுதியவரே..."

"வோ இஸ்ற் ஏர்?"

மைக் இல்லாமலே யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காவலர் இருவர் வந்தார்கள். ஆனால் செபிக்கிற கிழவரில் எப்படிக் கைவைப்பது?

என் பக்கத்துக் கதிரையில் வெள்ளைத்தலை ஜெர்மன் கிழவி. என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். "சண்டைக்குப் போன என்ர அப்பாவை அம்மா சாகுமட்டும் தேடினவ" என்றாள். அவள் சொன்ன டொச் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது. பிறகு எழும்பி, மேடையைப் பார்த்துக் கைத்தடியை ஆட்டினாள்: "அந்த மனுசனுக்குப் பதிலைச் சொல்லித் துலையுங்கோவன்! அங்கை சொசேஜ் சுருங்குது!"

அடுத்த முறை அவளும் "வோ இஸ்ற் ஏர்?" என்றாள். அவளுடைய வரிசை சேர்ந்தது. பின் வரிசை சேர்ந்தது. பாதிப்பேர் தெயோவுக்காக, பாதிப்பேர் சலாட்டுக்காக. கடவுள் அப்படிப் பிரித்துப் பார்க்கிறவர் இல்லை. கடைசியில் ஜெர்மனி முழுவதும் பாடியது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

மேடையில் குசுகுசுப்பு. இரண்டு பனை உயரம் ஒரு சின்ன வடலியாகக் குறுகியது. மைக்குக்கு உயிர் வந்தது.

"அந்த வியாபாரியிடம் வாங்குகிறோம்" என்றார் தலைவர். "அந்த மனிதர் வீடு திரும்பும்வரை வியாபாரியிடமிருந்து ஒரு பிடி மண்ணும் வாங்கமாட்டோம்." அவர் சொன்னதை, கூட்டத்தைச் சட்டப்படி பதிய வந்திருந்த நொத்தாரிசு எழுதிக்கொண்டார். பின்கதவு திறந்தது. அந்தக் கிழவி எனக்கு இரண்டு சொசேஜ் எடுத்துத் தந்தாள்.

இரண்டாம் ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் ஃபுராஹாவின் தொலைபேசி அடித்தது. சுவாமியார் முறைத்தார். அவள் காதில் வைத்தாள், அலறினாள், வாங்கில் ஏறி நின்றாள்.

"விட்டுவிட்டார்கள்! வியாபாரியே வந்து பூட்டைத் திறந்து, ஜெர்மனியில் உன் பெயரைப் பாடுகிறார்கள் என்றானாம்!" அழுகையும் சிரிப்புமாக இறங்கி ஓடிவந்து, தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி யாகோப்பின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாடின ஆள் யார் என்று தம்பி கேட்கிறான்."

யாகோப்பு தொண்டையைச் செருமினார். பேச ஏலாது அவருக்கு. பாடத்தான் வரும்.

"கிவு மலையின் தெயோகிறாசியாஸே..."

"வோ இஸ்ற் ஏர்?" என்றது கோவில் முழுவதும். சுவாமியாரும்தான்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து, கரகரத்த குரலில், அவனுடைய பாஷையில் பதில் வந்தது: "நிகோ ஹாப்பா!"

இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தமாம். ஃபுராஹா சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.