மாற்றி மாட்டிய வில்லை

"அப்போ உனக்குத்தான் மூச்சு வாங்குது. அப்படித்தானே?"

காற்று நிரப்பும் அறையின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள் காத்தக்கா. தீயணைப்பு நிலையத்தில் அவளை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை.

"ஆமாக்கா, கொஞ்சம்."

"கொஞ்சமா? பன்னெண்டு மாடி ஏறி இறங்கிட்டு எல்லாரும் சிலிண்டர்ல மூணுல ஒரு பங்கு மிச்சம் கொண்டுவர்றாங்க. உன்னுது முள்ளு செவப்புல நிக்குது. ஆறு வாரமா இதே கதை. உன் மாமாவைப் பாரு, நாப்பத்தெட்டு வயசு. காத்தை மிச்சம் புடிச்சு வட்டிக்கு விடுவாரு போல. வெக்கமா இல்ல உனக்கு?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற அந்த இளம் தீயணைப்பு வீரனுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

விஷயம் இதுதான். படிப் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைத் தான் முதுகில் சுமந்த சிலிண்டரில் மாட்டிக் கொடுக்க வேண்டும். காத்தக்கா முள்ளைப் பார்த்து, அந்த எண்ணுக்கு நேரே மிச்சத்தை எழுதுவாள். திணறுகிற உடம்பு காற்றை அள்ளித் தின்னும், முள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முள் பொய் சொல்லாது. வில்லை சொல்லும்.

மாமா என்றால் அவனுடைய அக்கா புருஷன். நிலையத்தில் இருவரும் ஜோடி. குழாயைப் பிடித்துக்கொண்டு மாமா முன்னால் ஏறுவார், அவர் தோளில் கை வைத்து இவன் பின்னால் ஏறுவான். ஆறு வாரத்துக்கு முன்னால் ஏழாவது மாடித் திருப்பத்தில் அந்தத் தோள் சட்டென்று நின்றது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மாப்ள, சளி. ரெண்டே வாரம், சரியாயிடும். அதுவரைக்கும் என் சிலிண்டர்ல உன் வில்லையையும், உன்னுதுல என்னுதையும் மாத்தி மாட்டிடு."

சளி போனது, மூச்சு திரும்பவில்லை. அப்புறம் தொப்பை காரணமானது. அதற்கப்புறம் புது முகமூடியின் வார் இறுக்கம். பிறகு, பயிற்சிக் கட்டடத்துப் படியே உயரமாம்! காரணம் கண்டுபிடிப்பதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. இவனும் ஒவ்வொன்றையும் நம்பினான். நம்புவதுதான் சுலபமாக இருந்தது.

"நாளைக்கு வருஷத் தேர்வு. இன்னைக்கே டாக்டரம்மாவைப் பாரு. அவங்க சீட்டு இல்லாம இந்த ஜன்னல்ல உனக்குக் காத்து கிடையாது" என்று காத்தக்கா துரத்திவிட்டாள்.

போகிற வழியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மாமாவுக்கு இருப்பதையெல்லாம் தனக்கு இருப்பதாகச் சொன்னால்? மருந்து எழுதித் தருவார்கள். வாங்கிப் போய் மாமாவிடம் கொடுத்துவிடலாம். மாமாவின் வேலையும் போகாது, ரகசியமும் வெளியே வராது.

"சிகரெட்?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"விட்டு நாலு வருஷமாச்சு." விட்டது மாமா; அவன் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை.

"மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம்? இருமல்?"

"இல்லீங்க."

"ஆஸ்துமாவா இருக்கலாம், ரத்தசோகையா இருக்கலாம், நுரையீரலா இருக்கலாம், உடம்பு பெருத்தாக்கூட வாங்கும். ஒவ்வொண்ணாக் கழிச்சுட்டுத்தான் வரணும். படுத்தா எப்படி?"

"ரெண்டு தலகாணி வேணும்." போன வாரம் அக்கா மாமாவைப் பற்றி இதைச் சொல்லித்தான் சிரித்தாள்.

"கால்?"

"சாயங்காலம் சாக்ஸைக் கழட்டினா பள்ளம் அப்படியே நிக்குது."

"ஏறும்போது நெஞ்சு இறுகுதா? கண்ணு இருட்டுதா?"

அவனுக்கு அந்த ஏழாவது மாடி ஞாபகம் வந்தது. "சுவரைப் புடிச்சுக்க வேண்டியிருக்கு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள், குழி விழவில்லை. நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். ஈசிஜி எடுத்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"தம்பி, உங்க நெஞ்சுல ஒரு குறையும் இல்ல. வாய் மட்டும்தான் நோயாளி. யாரு அவரு?"

அவன் தலை தானாகக் குனிந்தது. "அக்கா வீட்டுக்காரர்."

"நேர்ல பாக்காம எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொன்னதெல்லாம் இதயத்தைக் காட்டுது. வால்வு சுருங்கியிருக்கலாம், ரத்தக்குழாய் அடைச்சிருக்கலாம். இனிமே அவர் பாரத்தோட ஒரு படிகூட ஏறக்கூடாது. மருந்தை ஆள் மாத்தி வாங்கலாம்னு பாத்தீங்களா? நல்ல ஆளுங்கய்யா!"

அன்று சாயங்காலமே மாமாவிடம் சொன்னான். அவர் கெஞ்சினார், அப்புறம் கத்தினார்.

"இருபத்திரண்டு வருஷம் ஆளுங்களைத் தோள்ல தூக்கிட்டு எறங்கினவன்டா நான். டெலிபோன் மேஜையில உக்கார வெச்சு வேடிக்கை பாக்கப்போறியா? நாளைக்கு ஒருநாள் போகட்டும். அப்புறம் நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன்."

மறுநாள் காலையில் அவன் நேராகக் காத்தக்காவின் ஜன்னலுக்குப் போனான். "அக்கா, ஆறு வாரமா என் எண்ணுக்கு நேரா இருக்கிறது மாமாவோட மூச்சு."

காத்தக்கா திட்டுவாள் என்றுதான் நினைத்தான். அவளோ வரிசையில் வைத்திருந்த மாமாவின் சிலிண்டரை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

முழு உடுப்பில், கழுத்தில் முகமூடி தொங்க மாமா வந்து நின்றார். "என் சிலிண்டர் எங்கம்மா?"

"உனக்கு இல்லண்ணே."

மொத்த நிலையமும் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா மெல்லத் திரும்பி இவனைப் பார்த்தார். "கூடவே ஏறி வந்து குழி பறிச்சிட்டியேடா."

அப்படியே படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். ஒரு கால்தான் கழன்றது. வாய் பிளந்தது, உதடு வெளிறியது, தோள்பட்டை ஏறி இறங்கியது. ஒரு பூட்ஸுக்கே அத்தனை மூச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியை எடுத்தார்கள்.

வால்வுதான். விரல் நுழையும் வழி, வைக்கோல் நுழையும் அளவுக்குச் சுருங்கிக் கிடந்ததாம். நாளை காலையில் அறுவை சிகிச்சை. இன்னொரு தடவை பன்னிரண்டு மாடி ஏறியிருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அக்கா செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். புருஷனின் கையைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"தினமும் அவர் தோள்ல கை வெச்சுட்டு ஏறுறவன் நீ. உனக்கு எப்போடா தெரியும்?"

அவள் முதுகுக்குப் பின்னால், ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே மாமாவின் கண்கள் இவனையே பார்த்தன. காலையிலிருந்த கோபம் அவற்றில் இல்லை. ஒரு விரல் மட்டும் போர்வைமேல் மெதுவாக அசைந்தது: வேண்டாம், சொல்லாதே, இன்றைக்குத்தான் என்று சொல்.

அக்கா நின்றுகொண்டே இருக்கிறாள். விடிந்தால் அவரை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். இன்றைக்குத்தான் என்றால் அவள் இந்த ராத்திரியாவது கண்மூடுவாள். ஆறு வாரம் என்றால், தம்பியையும் இழப்பாள், புருஷனிடம் கோபப்படவும் முடியாமல் தவிப்பாள். ஆனால் மறைத்து மறைத்துத்தானே அவர் இந்தக் கட்டில் வரைக்கும் வந்தார்? அவன் வாயைத் திறந்துவிட்டான். அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் எதைச் சொல்லியிருப்பீர்கள், சொல்லுங்களேன்?